பதவிக்கேற்ற வெளிச்சம்

திருமேற்கரை அரசு மருத்துவமனையின் புதுக் கட்டடத்தில் வெளிச்சம் அவரவர் பதவிப்படி விழத் தொடங்கிய அன்று, அதில் வியப்பதற்கு ஏதும் இருப்பதாகக் கண்காணிப்பாளர் டாக்டர் சபாரத்தினத்துக்குத் தோன்றவில்லை. குழு தீர்மானித்து, மேலிடம் ஒப்புதல் தந்து, அமைச்சர் வந்து பொத்தானையும் அழுத்திய பிறகு அதன்படி நடப்பதுதானே முறை, நடக்காமற்போயிருந்தால் அல்லவா வியக்க வேண்டும் என்றே அவர் எண்ணினார். அவரைச் சுற்றி, நல்ல வெயிலில் காய்ந்த வேட்டியைப் போல வெள்ளை வெளேரென்று ஆளுயர வெளிச்சம் ஒன்று நின்றது. அவர் நடந்தால் அதுவும் நடந்தது, அவர் உட்கார்ந்தால் அதுவும் உட்கார்ந்தது, அவர் தும்மியபோது மட்டும் சற்றே நடுங்கிவிட்டுத் தன்னைச் சரிசெய்துகொண்டது. கூரையில் வரிசையாகப் பொருத்தியிருந்த விளக்குகளோ, கல்யாண வீட்டில் வேலை ஒதுக்கப்படாத உறவினர்களைப் போலச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

இதன் காரணத்தை அறிய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு குழுக் கூட்டத்தைச் சொன்னால் போதும். கட்டடத்துக்கு ஒளியமைப்புத் திட்டம் வரைந்தவர் மின்பொறியாளர் மங்கையர்க்கரசி. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கும் சிறு கருவியொன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் அதை மேசைமேல் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற பழக்கம் உடையவர். அவருடைய திட்டம் எளிமையானது. எந்த இடத்தில் வேலை நுணுக்கமோ அந்த இடத்துக்கு வெளிச்சம் மிகுதி: நரம்பு தேடும் இடத்துக்கும் தையல் போடும் இடத்துக்கும் முதலிடம், மருந்து பிரிக்கும் மேசைக்கு அதற்கடுத்தது, நடைவழிக்குக் கொஞ்சம், கோப்புகள் உறங்கும் அறைக்கு அவற்றின் உறக்கம் கெடாத அளவு. விளக்கு கண்ணைக் கூசச் செய்யக்கூடாது. வெளிச்சமான இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகிறவர் கிணற்றில் விழுந்ததுபோல் உணரக்கூடாது. பகலில் சன்னல் வழியே வருவதை வேண்டாமென்று சொல்லக்கூடாது. இவ்வளவும் படித்துக்கொண்டு வந்த சபாரத்தினம், பச்சிளங்குழந்தைகள் வார்டுக்குத் தம் அறையைக் காட்டிலும் அதிக வெளிச்சம் கேட்கப்பட்டிருப்பதைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு வார்டு சிஸ்டருக்கு என்னைவிட அதிக வெளிச்சமா?"

"வெளிச்சம் சிஸ்டருக்கு இல்லை ஐயா. அவங்க கையில இருக்கிற ஊசி முனைக்கு."

"அப்ப என் மேசையில வேலையே நடக்கலைங்கிறீங்க."

"கையெழுத்துதானே ஐயா. அது இருட்டிலேயும் நடக்கும்."

சிரிக்க விரும்பிய குழு உறுப்பினர்கள் தத்தம் தேநீர்க் கோப்பைக்குள் சிரித்துக்கொண்டார்கள். பிறகு, கண்ணியமானவர்கள் கூடும் இடத்தில் என்ன நடக்குமோ அது நடந்தது. வேலை என்பது நாளுக்கு நாள் மாறுவது, பதவி என்பது நிலையானது, ஆகவே நிலையானதை அடிப்படையாகக் கொள்வதே அறிவுடைமை என்று ஒருவர் எடுத்துரைக்க, ஊதிய நிலைக்கு ஏற்ப வெளிச்சம் வகுக்கப்பட்டது. கண்காணிப்பாளருக்கு உச்சம்; மருத்துவர்களுக்கு அதில் பாதி; செவிலியர்களுக்கு முகம் தெரியும் அளவு; வாயிற்காவலருக்கு ஒரு மின்மினிக்குரியது. பொதுமக்களுக்கென்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது எவர் நினைவுக்கும் வரவில்லை. அவர்கள் ஊதியப் பட்டியலிலேயே இல்லை.

திறப்பு விழாவில் பொத்தான் அழுத்தப்பட்டது. வெளிச்சம், இந்த நாட்டில் வேறெதுவும் காட்டாத பணிவோடு, இட்ட கட்டளையைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றியது. சன்னலுக்கு வெளியே வந்துவிட்ட வெயில்கூட, உள்ளே தனக்கு ஒதுக்கீடு இல்லை என்பதை அறிந்து, சட்டத்தின் மேல் கையூன்றி நின்றுகொண்டது. எவராவது கைபேசி விளக்கைப் போட்டால், போட்டவரின் பதவி எவ்வளவோ அவ்வளவுதான் அது எரிந்தது. புறநோயாளிகள் கையில் அது எரியவே இல்லை.

ஊர் இதை ஏற்றுக்கொண்ட விதம் சொல்லத் தக்கது. முதல் வாரம் முணுமுணுத்தார்கள், இரண்டாம் வாரம் பழகினார்கள், அதற்குப் பிறகு அதனால் என்ன ஆதாயம் என்று பார்த்தார்கள். புறநோயாளிகள் கூடம் கரிய இருட்டாகக் கிடந்தது. வரிசையில் தமக்கு முன்னால் நிற்பவரை இருமலாலும் பின்னால் நிற்பவரை வெற்றிலை மணத்தாலும் அடையாளம் கண்டு, இடம் தவறாமல் நகர்ந்தார்கள். உள்நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் ஏதேனும் ஒரு மருத்துவர் வரும்வரை காத்திருந்து, சுவாமி புறப்பாட்டின் பின்னால் போவதுபோல் அவர் பின்னால் கூட்டமாகப் போய், தம்முடைய கட்டில் வந்ததும் கழன்றுகொண்டார்கள். தற்காலிக வேலை நீக்கத்துக்கு ஆளான எழுத்தர் படிக்கட்டின் நடுவிலேயே அணைந்துபோய், கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கினார். மருத்துவமனையில் நிரந்தர வேலை என்று சொல்லிப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளைகளைப் பெண் வீட்டார் நல்ல நாள் பார்த்து இந்தக் கட்டடத்தின் நடைவழிக்கு அழைத்து வந்து நடக்கவிட்டார்கள். நிரந்தரம் என்றால் துலங்கினார்கள், ஒப்பந்தம் என்றால் இருட்டோடு இருட்டானார்கள், சாதகத்தைக் காட்டிலும் இது நம்பகமாக இருந்தது. பதவி எதுவுமே இல்லாத வட்டச் செயலாளர் ஒருவர் மட்டும் உள்ளே வரும்போதெல்லாம் விட்டுவிட்டு மின்னினார். அதற்கு விளக்கம் கேட்கும் துணிவு எவருக்கும் இல்லை.

சபாரத்தினம் இந்த நாட்களில் மிகவும் நிறைவாக இருந்தார். கண்புரை முற்றியவர்கள்கூட அவர் வருவதை உணர்ந்து கைகூப்பினார்கள். கண்கூச்சத்தால் எவரும் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியாததை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும் மட்டும் மற்றவர்களைப் போல் ஆகிவிடுவது உறுத்தியது. ஒரு மாலை அவர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டே இருக்க, மனைவி நாகரத்தினம், "சுவிட்சு அங்கதானே இருக்கு, யார் வந்து போடணும்னு நிக்கிறீங்க?" என்று கேட்டாள். அதன் பிறகு அவர் அலுவலகத்தில் கூடுதல் நேரம் இருக்கத் தொடங்கினார். மேலிடம் அதைக் கடமையுணர்வு என்று பாராட்டியது. தங்கை மகள் திருமணத்துக்காக விடுப்பில் போனபோது முறைப்படி பொறுப்பு ஒப்படைப்புச் சான்றில் கையெழுத்திட்டு உறைவிட மருத்துவரிடம் கொடுத்தார். கொடுத்தவரின் கையெழுத்தும் ஏற்றவரின் கையெழுத்தும் காய்வதற்குள் வெளிச்சம் அவரை விட்டு அந்த மனிதர் மேல் தாவியதைப் பார்த்தவர், தாலி கட்டி முடிந்த கையோடு, பந்திக்கும் நிற்காமல் திரும்பி வந்தார்.

வார்டு சிஸ்டர் ஜெபமணி அவருடைய அறைக்கு வந்தது அதற்குச் சில நாட்கள் கழித்து. இதற்கு முன் அவர் பெரியவர்களையும் தேறிய குழந்தைகளையும் வெளியே வேப்பமரத்தடிக்கு எடுத்துப்போய், ஒதுக்கீடு பற்றி ஏதும் அறியாத வெயிலில் வைத்து ஊசி குத்தி, உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தார். ஆனால் எடை குறைந்து பிறந்து, கதகதப்புக்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குழந்தையை அப்படித் தூக்கிக்கொண்டு போக இயலாது. செல்லக்கிளி என்ற செங்கல்சூளைப் பெண்ணுக்குப் பிறந்த பெண் குழந்தை அப்படித்தான் கிடந்தது. அதன் உயிர் ட்ரிப்ஸில் ஓடியது, ட்ரிப்ஸ் ஏறும் நரம்போ தலைமயிர் போல இருந்தது, மருத்துவர்களின் பாதி வெளிச்சத்துக்கு அது தென்படவில்லை.

"டாக்டர், ஒரு குழந்தைக்கு நரம்பு கிடைக்கலை. நீங்க வந்தாத்தான் ஆகும்" என்றார் ஜெபமணி.

கேட்ட சபாரத்தினம் நிமிர்ந்தார். ஊசியைத் தொட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தாலும் கை மறக்காது என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடந்தார். பெட்டி அருகே போய்க் கையை நீட்டியபோது ஜெபமணி அந்தக் கையை மரியாதையோடு ஒதுக்கிவிட்டு, "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். இங்க நில்லுங்க. போதும்" என்றார். அவர் நின்றார். ஜெபமணி கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார், தள்ளினார். குனிய வேண்டாம், உங்கள் தலை நிழல் விழுகிறது என்றார், நிமிர்ந்தார். மூச்சை மெதுவாக விடச் சொன்னார், விட்டார். சிவந்த சிறு கையின் தோலுக்கடியில் நீல நூலிழை ஒன்று தெரிந்தது. ஊசி இறங்கியது. குழந்தை அவரை ஏறிட்டு, கண்கூச, முகத்தைச் சுளித்தது. தம்மைப் பார்த்து முகம் சுளித்தவர்களைச் சபாரத்தினம் தம் பணிக்காலத்தில் மன்னித்ததில்லை. இந்த முறை என்ன செய்வதென்று தெரியாமல் அவரே சற்று விலகி நின்றார்.

அன்றிலிருந்து அவர் கேட்கப்படும் பொருளானார். பிரசவ அறையில் தையலா, கூப்பிடு பெரிய டாக்டரை. பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கியின் கண்ணாடிச் சில்லு மங்கலா, கூப்பிடு பெரிய டாக்டரை. முன்பெல்லாம் கண்காணிப்பாளரைக் கூப்பிடுவேன் என்றால் அது மிரட்டல். இப்போது அது விளக்கைக் கொண்டுவா என்பதன் மரியாதையான வடிவம். ஒருமுறை அவரை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு வேலை முடிந்ததும் மறந்துபோய்விட்டார்கள். அவரும் நெடுநேரம் நின்றிருந்துவிட்டு, யாரிடமும் ஏதும் சொல்லாமல் அறைக்குத் திரும்பினார்.

மங்கையர்க்கரசி ஒருநாள் தம் கருவியோடு வந்து அவரை அளந்தார். தோள்பக்கம் சீராக இருக்கிறது, நெற்றியில் கூச்சம் மிகுதி, ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டால் பரவலாகும் என்று, சுவரில் மாட்டிய பொருளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். ஜெபமணி எடுத்துக் கொடுத்த கட்டுத்துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு சபாரத்தினம் கேட்டார்: "சிஸ்டருக்கே இந்த வெளிச்சத்தைக் கொடுத்துட்டா தொல்லை விட்டுதே அம்மா?"

"பார்க்கிறவங்க மேல வெளிச்சம் விழுந்தா அவங்க கண்ணுதான் கூசும் ஐயா. பார்க்க வேண்டிய பொருள் மேல விழணும். அன்னிக்குக் கூட்டத்துல இதைத்தான் சொன்னேன்."

"அன்னிக்கு நீங்க கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்."

"கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். அதனாலதான் என்னை வெளியில உட்காரச் சொன்னீங்க."

இப்படியிருக்கச் சபாரத்தினம் ஓய்வுபெறும் மாதம் வந்தது. புதியவர் எவரையும் நியமிக்கவில்லை. விடுப்பின்போது பொறுப்பு வகித்த உறைவிட மருத்துவர் மீது, தாமே மூத்தவர் என்று இன்னொரு மருத்துவர் வழக்குப் போட்டிருந்தார். ஆகவே இருவருக்கும் இல்லாமல், மலையடிவாரத்து ஊர் ஒன்றின் கண்காணிப்பாளர் இந்த மருத்துவமனையையும் கூடுதலாகக் கவனித்துக்கொள்வார் என்று ஆணை வந்தது. கவனிப்பு அங்கிருந்தே நடக்கும். ஆகவே வெளிச்சமும் அங்கேயே விழும். அந்த மனிதர் தம் ஊரில் இரட்டிப்பாகச் சுடர, திருமேற்கரையில் பாதி வெளிச்சத்துக்கு மேல் ஒரு துளியும் இராது. கண்ணாடிப் பெட்டியில் கிடந்த குழந்தைக்கோ இன்னும் சில வாரங்கள் ட்ரிப்ஸ் தேவைப்பட்டது. ஒரு நரம்பு வீங்கினால் இன்னொன்றைத் தேட வேண்டும். பதவிக்காலத்தில் தமக்காக நீட்டிப்புக் கேட்டு எழுதியவர்களை எல்லாம் எள்ளி நகையாடிய சபாரத்தினம், தாமே நீட்டிப்புக் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் அதைப் பதவி ஆசை என்று சரியாகப் புரிந்துகொண்டு மறுத்தது.

கடைசி நாள் பிற்பகல் பிரிவுபசார விழா நடந்தது. பொன்னாடைகள் போர்த்தினார்கள், ரோசாப்பூ மாலை போட்டார்கள். அவரை ஒளிவிளக்கு என்று ஒருவர் புகழ, அது உவமையா தகவலா என்று தெரியாமல் அவையோர் கைதட்டினார்கள். அலுவலக நேரம் முடிய முடியச் சபாரத்தினத்தின் வெளிச்சம், எண்ணெய் இறங்கிய விளக்கைப் போல, ஓரத்திலிருந்து மெலிந்துகொண்டே வந்தது. நன்றியுரை பாதியில் இருந்தபோது ஜெபமணி வாசலில் வந்து நின்று தலையை ஆட்டினார். சபாரத்தினம் மாலையோடு எழுந்து, கட்டுத்துணித் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே போனார். பின்னாலேயே நிர்வாக அலுவலர் கோதண்டம், பொறுப்பு ஒப்படைப்புச் சான்றையும் மைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு, அதில் கையெழுத்தில்லாவிட்டால் ஓய்வூதியம் நின்றுபோகும் என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

நரம்பு வீங்கிவிட்டிருந்தது. செல்லக்கிளி பெட்டிக்கு அருகே தரையில், ஒதுக்கீடற்ற இருட்டில் உட்கார்ந்திருந்தாள். சபாரத்தினம் தாம் நிற்க வேண்டிய இடத்தில், நிற்க வேண்டிய கோணத்தில் நின்றார். ஜெபமணி இரு முறை முயன்றார், வெளிச்சம் போதவில்லை. ஒவ்வொரு முறையும் குழந்தை அழுத அழுகை முன்னதைவிடச் சிறியதாக இருந்தது.

"கோதண்டம், அந்தச் சான்றைக் கொடுங்க" என்றார் சபாரத்தினம். "பேரை நானே எழுதிக்கிறேன்."

எழுதினார். கோதண்டம் அதை வாங்கி, மெலிந்துவரும் வெளிச்சத்தருகே பிடித்துப் படித்தார். கண்காணிப்பாளர் பொறுப்பை ஏற்றுக்கொள்பவர் என்ற இடத்தில், செல்லக்கிளியின் பெண் குழந்தை என்று இருந்தது. முப்பதாண்டு அனுபவத்தில் இதைவிடத் தகுதி குறைந்த பெயர்களையும் அந்த இடத்தில் பார்த்திருந்த கோதண்டம், பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நடைமுறையைப் பற்றி மட்டும் சொன்னார்.

"ஏற்றுக்கொள்பவர் கையெழுத்து வேணும் ஐயா."

"எழுதத் தெரியாதவங்களுக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டார் ஜெபமணி.

"கைரேகை."

"கை அவளுக்கு ஏற்கெனவே குத்திக் குத்திப் புண்ணாயிருக்கு. கால்ரேகை செல்லுமா?"

கோதண்டம் யோசித்தார். விதிகளில் கால் கூடாது என்று எங்கும் இல்லை என்றார். மைப்பெட்டியைத் திறந்து, தம் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்துவிட்டு, அவரே நீட்டினார். புளியங்கொட்டை அளவுள்ள குதிகால் ஒன்று தாளில் பதிந்தது; அதற்கு மேலே சபாரத்தினம் தம் கடைசிக் கையெழுத்தை இட்டார். அப்போது கவனித்தார்: அது உண்மையிலேயே ஏறக்குறைய இருட்டில்தான் நடந்தது.

மை காய்வதற்குள் அவர் அணைந்தார். மாலையும் பொன்னாடையும் தலைப்பாகையுமாக இருட்டில் அவர் கரைந்துபோக, பெட்டிக்குள் குழந்தை, உள்ளங்கால் முதல் உச்சி வரை, கூச்சமே இல்லாத சீரான வெளிச்சமாகத் துலங்கியது. வரைபடத்தில் ஆறுகளைப் போல அத்தனை நரம்புகளும் தெரிந்தன. ஜெபமணி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். ஊசி ஒரே முறையில் ஏறியது. செல்லக்கிளி எழுந்து நின்று, மகள் பிறந்ததிலிருந்து முதல் முறையாக அவள் முகத்தை முழுதாகப் பார்த்தாள்.

"போதும் டாக்டர், நீங்க போகலாம்" என்றார் ஜெபமணி, அவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரியாமல்.

அதன் பிறகு நடந்தவை நிர்வாகச் செய்திகள். புதிய கண்காணிப்பாளர் பெரும்பகுதி உறங்கினார், பசித்தபோது அழுதார், கோப்பு எதையும் தாமதப்படுத்தவில்லை. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு உரிய காலத்தில் அவர் பதில் தரவில்லை. அந்த நாற்காலியின் மரபு அது என்பதால் எவரும் குறை கூறவில்லை. அவர் உடல் தேறி வீடு திரும்பும் நாளில், அடுத்த பெட்டியில் யாருக்கு நரம்பு கிடைக்கவில்லையோ அந்தக் குழந்தையிடம் கால்ரேகையிட்டுப் பொறுப்பை ஒப்படைத்தார், அதுவே வழக்கமாயிற்று. மங்கையர்க்கரசி வந்து அளந்து பார்த்து, இந்தக் கட்டடத்தில் ஒளியமைப்பு விதி நிறைவேறியிருக்கும் ஒரே இடம் இதுதான் என்று சான்றளித்துவிட்டு, மற்ற இடங்களுக்கும் வெளிச்சத்தை வேலைப்படி திருத்தியமைக்கக் கோரி விண்ணப்பித்தார். விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. குழுவுக்குத் தலைமை தாங்க வேண்டியவர் கண்காணிப்பாளர், அவருக்கு இன்னும் தலை நிற்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, இரத்த அழுத்த மாத்திரைக்காகச் சபாரத்தினம் புறநோயாளிகள் வரிசையில் நின்றார். இருமலுக்கும் வெற்றிலை மணத்துக்கும் நடுவே தமக்குரிய இடத்தை ஏறக்குறையக் கண்டுபிடித்திருந்தார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், வரிசை இந்தப் பக்கம் பெரியவரே என்று அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தியது. அவள் இடுப்பில் ஒரு குழந்தை கொழுகொழுவென்று சிணுங்கிக்கொண்டு, இருட்டில் கை நீட்டி அவர் மூக்குக்கண்ணாடியைப் பறித்தது.

"கோவிச்சுக்காதீங்க" என்றாள் அவள், அதைத் தடவி எடுத்துக் கொடுத்தபடி. "தடுப்பூசி போட வந்திருக்கா. எம் மக லேசுப்பட்டவ இல்ல, இந்த ஆசுபத்திரிக்கே பெரிய டாக்டரா இருந்தவ."

சபாரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நானும் இருந்தேன் அம்மா" என்றார்.

செல்லக்கிளி சிரித்தாள். "இருட்டுல நிக்கிறவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. நகருங்க பெரியவரே, வரிசை போகுது."